பாகு ஒட்டிய விரல்

கோபித்துக்கொண்டு பிறந்த வீடு போன குணவதி சாயங்கால பஸ்ஸில் திரும்பி வருகிறாள். தன் கையாலேயே மைசூர்பாகு கிண்டித் தருவதாக அவள் புருஷன் பாத்திரக்கடை சண்முகவேல் வாக்குக் கொடுத்திருந்தார். போனில் செய்முறை சொல்லிக்கொண்டிருந்த யூடியூப் அம்மாள், "பாகு கம்பிப் பதம் வந்ததும் உடனே..." என்று இழுத்த நேரம் பார்த்து வீட்டுமனை விளம்பரம் குறுக்கே வந்தது. ஸ்கிப்பை அமுக்கு அமுக்கென்று அமுக்கினார். பாகு ஒட்டிய விரலைப் போன் சட்டை செய்யவில்லை. "யம்மா தாயே, பாதி பார்த்துட்டேன், மீதியைத் தள்ளுபடி பண்ணு!" பேரம் படியவில்லை. குனிந்து மூக்கால் அமுக்கினார். மூக்கு விளம்பரத்திலிருந்த நம்பரில் பட்டு, மனைக்காரர்களுக்கே அழைப்பு போய்விட்டது. "வணக்கம் சார், எத்தனை சென்ட் பார்க்கறீங்க?" என்றது ஒரு பெண் குரல். வாணலி புகைய ஆரம்பித்தது. "சென்ட் கிடக்கட்டும்மா, என் சம்சாரம் வந்துகிட்டிருக்கா. கம்பிப் பதம் வந்தா உடனே என்ன செய்யணும்?" அந்தப் பெண் மனைப் பேச்சை விட்டாள். "முதல்ல அடுப்பை அணைங்க சார். அக்கா வர எவ்வளவு நேரமிருக்கு?"