பதினொரு கணுக்கள்

மின்சுற்றின் ஆறாவது கணுவிலும் பிழை இல்லை. றிம்ஸான் மடிக்கணினியில் ஏழாவது கணுவின் கொள்ளளவத்தைக் கூட்டிவிட்டு, மாதிரிச் சுற்றை மறுபடி ஓட விட்டான்.

புருஷனை இழந்த தங்கை ஸஃப்னா வீட்டோடு இத்தா இருக்கத் தொடங்கி இன்றைக்கு இருபதாம் நாள். வெள்ளை உடுப்போடு கட்டிலில் இருந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகை இரண்டு பேருக்கும் விட்டுப் போயிருந்தது.

அவள் புருஷன் றஸீன் கடலுக்குப் போகும்போது இடுப்பில் கட்டிய கருவி றிம்ஸான் செய்தது. ஆள் தண்ணீரில் விழுந்தால் வீட்டுப் பெட்டியில் அலாரம் அடிக்க வேண்டும். றஸீன் உயிர் போய், மவுத்தாய்த்தான் கரைக்கு வந்தான்.

அலாரம் அடிக்கவில்லை என்று எத்தாளை ஊர் முழுக்கக் கதை. "உண்ட நானாட சாமான்தான் எண்ட புள்ளய திண்டிச்சி" என்று மாமியார் சபூரா ஸஃப்னாவின் முகத்துக்கு நேரே சொன்னார். அண்ணன் றிம்ஸானும் அதை நம்பினான். அன்றைக்கு வீட்டில் என்ன நடந்தது என்று ஸஃப்னாவிடம் கேட்க யாருக்கும் மனம் வரவில்லை.

அதே சாமான் முன்பெல்லாம் ஒழுங்காகத்தான் வேலை செய்தது. கடலடி முருகைக்கல்லில் சிக்கிய வலையை எடுக்க றஸீன் அதைக் கழற்றாமலே குதித்துவிடுவான். வீட்டில் அலாரம் அலறும், ஸஃப்னா தலைதெறிக்கக் கரைக்கு ஓடுவாள், அவன் சிரித்துக்கொண்டு வந்து இறங்குவான். மூன்று தரம் அப்படி வீணாக ஓடினாள்.

கருவியையும் பெட்டியையும் கழற்றிப் பார்த்தாயிற்று, பழுது இல்லை. மிஞ்சியது ஒரு சந்தேகம். கம்பிகள் கூடும் ஒவ்வொரு கணுவும், யாரும் கொள்ளளவி வைக்காமலே, கொஞ்சம் மின்னேற்றத்தைப் பிடித்து வைக்கும். உப்பு ஈரத்தில் அது கூடினால் சமிக்ஞை பிந்தும், செத்தும் போகும். அதைக் கணக்கில் எடுக்காமல் விட்டுத் தான்தான் மச்சானைக் கொன்றுவிட்டதாக றிம்ஸான் முடிவே கட்டியிருந்தான்.

பதினோராவது கணுவும் முடிந்தது. எல்லாவற்றையும் ஐந்து மடங்கு கூட்டியும் சமிக்ஞை கால் செக்கனில் வந்துவிட்டது. நிம்மதி வர வேண்டிய இடம்தான், ஆனால் அவனுக்கு ஒன்றும் வரவில்லை.

"தங்கச்சி, சுற்றுல பிழ இல்ல. அது அடிச்சிருக்கோணும்."

ஸஃப்னா சுவரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அடிச்சிச்சி நானா. நான்தான் நிப்பாட்டின."