மேயர் நின்று பதில் சொல்லும் நாள்

“பாலத்துக்கு நிதி கேட்டு விண்ணப்பம் போச்சா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க மேயரம்மா.”

பஸ் ஓட்டுநர் லுட்கர் விடுவதாக இல்லை. மேயர் இர்மா ராடர்மாகர் எங்கள் முன்னால் தனியாக நின்றுகொண்டிருந்தார்.

பெல்ஜியத்தில் ஜெர்மன் எல்லையோரம் எங்கள் ஊர். குலுக்கலில் பெயர் வந்த எங்களைப் போன்ற சாதாரண ஜனங்கள், வருடத்துக்கு ஒருமுறை ஊர் முன்னால் மேயரைக் கேள்வி கேட்கலாம். மேயர் நின்றுகொண்டுதான் பதில் சொல்ல வேண்டும். கையில் காகிதம் கூடாது, எடுத்துக்கொடுக்க அதிகாரியும் கூடாது. சண்டை போட்டு வாங்கிய உரிமை. அதில் எங்களுக்குக் கர்வம் உண்டு, மறைப்பானேன்!

லுட்கர் தொடர்ந்தார். “வெள்ளத்துல ரெண்டு ஊர்ப் பாலமும்தான் போச்சு. பக்கத்து ஊர்க்காரன் ஐரோப்பிய ஒன்றியத்துல நிதி வாங்கி, புதுப் பாலத்துல சைக்கிள் விடறான். எங்க பிள்ளைங்க இன்னும் லாரி போற ரோட்டைச் சுத்திக்கிட்டுதான் ஸ்கூலுக்குப் போகுதுங்க. நம்ம ஊர் சார்பா விண்ணப்பம் போச்சா?”

“போகலை.”

“ஏன்?”

“கவனிக்காம விட்டாச்சு. கடைசித் தேதி தாண்டிடுச்சு. தப்பு மேயர் அலுவலகத்தோடது. ஊர்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கறேன்.”

கூடம் கொதித்தது. முன்வரிசையில் இருந்த பழைய மேயர் எகோன் தீலன், பக்கத்து ஆளிடம் சொல்வதுபோல் ஊருக்கே சொன்னார்: “விவரம் தெரியாதவங்க கையில குடுத்தா இப்படித்தான்.”

அடுத்த மாதம் தேர்தல். இர்மாவை எதிர்த்து நிற்பவரே அவர்தான்.

“சரி, இனி என்ன பண்றதா உத்தேசம்?” என்றார் லுட்கர்.

“இந்த வருஷ நிதிக்கு விண்ணப்பம் அனுப்பியாச்சு. பாலம் வரலைன்னா, அதுக்கும் மேயரை இங்கேயே நிக்க வச்சுக் கேளுங்க.”

கூட்டம் முடிந்து, வாசலில் இருந்த உருளைக்கிழங்கு வறுவல் கடையில் லுட்கரும் நானும் வரிசையில் நின்றோம்.

“இந்தம்மாவுக்கு இனிமே என் ஓட்டு கிடையாது” என்றார் லுட்கர்.

பின்னால் நின்ற நகராட்சி எழுத்தர் கிறிஸ்டா சிரித்தார். “கடைசித் தேதி எப்ப முடிஞ்சுதுன்னு கேட்டீங்களா? அப்ப மேயரா இருந்தது தீலன்.”

அந்த நேரம் பார்த்து இர்மாவும் வறுவல் வாங்க வந்தார். லுட்கர் நேரே அவரிடம் போனார்.

“ஏன் மேயரம்மா, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்தாளு இன்னிக்கே காலியாகியிருப்பாரே. நீங்க எதுக்குத் திட்டு வாங்கணும்?”

இர்மா வாங்கிய வறுவலை மயோனைஸில் தொட்டுக்கொண்டே சொன்னார்:

“நான் அவரைக் கைகாட்டித் தப்பிச்சுக்கலாம். நாளைக்கு வர்றவர் என்னைக் கைகாட்டித் தப்பிச்சுக்குவார். அப்புறம் உங்க பிள்ளைங்களுக்குப் பதில் சொல்ல, இந்த ஊர்ல மேயர்னு ஒருத்தர் எதுக்கு?”