எண்டர் தட்டாத வரி

கணினியின் பழைய வட்டைத் துடைக்கும் கட்டளையில் மெர்லின் இரண்டு என்பதற்குப் பதில் ஒன்று என்று அடித்துவிட்டாள். ரத்த வங்கிக்கு இதுவரை ரத்தம் கொடுத்தவர்களின் பெயர்கள் அத்தனையும் ஒன்றாவது வட்டில் இருந்தன. வேறு நகல் கிடையாது. அடித்த எழுத்தை அழிக்கும் விசையோ போன வாரமே உடைந்து போயிருந்தது. இரண்டு கைகளையும் விசைப்பலகைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி பக்கத்து மேசைப் பரமகுருவைக் கூப்பிட்டாள்.

“எண்டர் தட்டினியா?”

“இல்லண்ணே.”

“அப்பக் கையை இறக்கு. போலீஸ் துப்பாக்கி காட்டின மாதிரி உட்கார்ந்திருக்க.”

“எல்லாம் திரையில வந்துடுச்சே?”

“அது நடுவுல புரோகிராம் ஒருத்தன் வாங்கி வச்சுக்கிட்டு உனக்குக் காட்டுறது. எண்டர் தட்டுற வரைக்கும் ஒரு எழுத்தைக்கூட உள்ள அனுப்ப மாட்டான். வட்டைத் துடைக்கிற புரோகிராமுக்கு இன்னும் ஒண்ணும் தெரியாது.”

பரமகுரு குனிந்து கன்ட்ரோல் விசையையும் யூ விசையையும் சேர்த்து அழுத்தினார். வரி முழுவதும் மறைந்தது.

அடுத்த அறையில் ரத்தம் கொடுத்து முடித்த யாரோ இன்னொரு பிஸ்கட் கேட்டுக்கொண்டிருந்தார்.

“நான் என்ன அடிச்சேன்னு அதுக்குத் தெரியவே தெரியாதாண்ணே?”

“எப்பவுமே தெரியாது.”

மெர்லின் சிரித்தாள். சிரிப்பு நிற்காமல் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கட்டளையை மறுபடி அடித்தாள். இம்முறை இரண்டு. விரல் எண்டருக்கு மேல் நின்றது.

“சத்தமா ஒரு தடவை வாசிங்கண்ணே.”

பரமகுரு ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார்.

“இன்னொரு தடவை,” என்றாள்.