இன்னொரு தடவை

அவள் தலையாட்டினாள்.

"ஓகே" என்றும் சொன்னாள்.

மேகன் காரை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வேலைக்குப் போய்விட்டாள். வாசலில் நின்று அவ்வளவு நேரம் மேகன் சொன்னதில் அவளுக்குப் பிடிபட்டவை மூன்றே சொற்கள்.

எல்சி. பை. பதினொரு மணி.

ஒஹாயோவுக்கு வந்து அது இரண்டாம் நாள்.

மேகனும் ஐந்து வயது மகள் எல்சியும் மட்டும் இருக்கிற வீடு. ஏஜென்சி மூலம் கிடைத்த வேலை; ஒரு வருஷம் அங்கேயே தங்கிக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கோபிசெட்டிபாளையத்திலிருந்து வீடியோவில் நேர்காணல் கொடுத்தபோது மேகன் பேசியதெல்லாம் விளங்கியது. கேள்விகள் முன்பே எழுத்தில் வந்திருந்தன. பதில்களை மனப்பாடம் செய்திருந்தாள்.

ஆங்கில இலக்கியத்தில் பட்டம் வாங்கியவள். புரியவில்லை என்று எந்த வாயால் சொல்வது?

பதினொரு மணிக்கு எல்சியைப் பையோடு பள்ளிக்கு நடத்திக் கூட்டிப் போனாள். கோடை விடுமுறை வகுப்பு. அன்றைக்கு நீச்சல்.

பையில் நீச்சல் உடை இல்லை.

கம்பி வேலிக்கு வெளியே அவள் நின்றாள். குழந்தைகள் எல்லாம் தண்ணீரில் இருந்தார்கள். எல்சி மட்டும் பெஞ்சில் உட்கார்ந்து கால்களை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

மேகன் திட்டவில்லை. சாப்பாட்டு மேசையில் ஏதோ கேட்டாள். அதற்கும் அவள் தலையாட்டினாள்.

அம்மா போனில் அழைத்தாள்.

"அங்கத்த பேச்செல்லாம் புரியுதா கண்ணு?"

"புரியுதும்மா."

மூன்றாம் நாள் நல்ல வெயில். எல்சியை ஐஸ்கிரீம் கடைக்குக் கூட்டிப் போனாள். வரிசை வாசல் வரை நின்றது.

எல்சிக்குக் காது மந்தம். இரண்டு காதுகளுக்குப் பின்னாலும் நீல நிறத்தில் சின்னக் கருவி. அது இருந்தும், இரைச்சலான இடத்தில் பாதிதான் கேட்கும்.

கடைக்காரப் பெண் குனிந்து எதையோ எடுத்தபடியே ஒரு கேள்வி கேட்டாள்.

எல்சிக்குக் கேட்கவில்லை.

கூட வந்த அவளுக்கோ விளங்கவில்லை. வழக்கம்போல "ஓகே" சொல்ல வாயெடுத்தாள்.

எல்சி கண்ணாடித் தடுப்பில் விரலால் தட்டினாள்.

"எனக்குக் கேக்கல. என்னைப் பாத்துச் சொல்லுங்க."

கடைக்காரப் பெண் நிமிர்ந்து சொன்னாள்.

"இன்னொரு தடவை."

சொன்னாள்.

"இன்னொரு தடவை."

பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். அவளுக்குக் கழுத்தெல்லாம் சுட்டது. எல்சி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கெஞ்சல் இல்லை. கோபம் இல்லை. தனக்குச் சேர வேண்டியதை வாங்காமல் நகர மாட்டேன் என்பதுபோல் நின்றாள்.

நான்காம் முறை கேட்டுவிட்டது. மேலே முந்திரிப் பருப்பு தூவட்டுமா என்பதுதான் கேள்வி.

"வேண்டாம்," என்றாள் எல்சி.

பொழுது சாய்வதற்குள் இன்னும் நான்கு பேரை எல்சி இப்படி நிறுத்தினாள். தபால்காரர். நாயோடு வந்த ஒரு கிழவர். பூங்காவில் ஊஞ்சலுக்குச் சண்டை போட்ட ஒரு சிறுமி. கடைசியாக, தன்னைப் பார்த்துக்கொள்ள வந்த அவளையே. கத்தரிக்காய் என்பதற்கான ஆங்கிலச் சொல்லை நான்கு முறை சொல்லவைத்தாள். சிரிக்கவில்லை. புரிந்ததும் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

இந்தக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளத்தான் தன்னை வரவழைத்திருக்கிறார்கள் என்பது அவளுக்கு நம்ப முடியாததாக இருந்தது. அவ்வளவு தைரியத்தை அத்தனை சின்ன உடம்பில் அவள் பார்த்ததில்லை.

நான்காம் நாள் காலை. மேகன் வாசலில் நின்று கொஞ்சம் நீளமாகவே பேசினாள். பேசும்போது கையிலிருந்த சாவியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலு மணி. ஒருவர். வீடு.

அவள் தலையாட்டினாள். புன்னகையும் செய்தாள்.

மேகன் ஒரு கணம் அவளை விநோதமாகப் பார்த்தாள். பிறகு போய்க் காரில் ஏறினாள்.

கார் பின்னோக்கி நகர்ந்தது.

அவள் வெறுங்காலோடு ஓடினாள். கார்க் கண்ணாடியில் தட்டினாள். கண்ணாடி இறங்கியது.

"எனக்குப் புரியல. இன்னொரு தடவை சொல்லுங்க."

மேகன் சொன்னாள்.

"இன்னொரு தடவை. மெதுவா."

மேகன் இன்ஜினை அணைத்தாள். ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"இன்னைக்கு நாலு மணிக்கு ஏஜென்சியிலருந்து ஒருத்தர் வீட்டுக்கு வர்றாங்க. உன்னை வேற வீட்டுக்கு மாத்துறதைப் பத்திப் பேச."

எல்லாம் விளங்கியது.

இதற்குத்தான் புன்னகை செய்திருக்கிறாள்.

"நீங்க சொன்னதுல பாதிக்கு மேல எனக்குப் புரியல," என்றாள். "புரிஞ்ச மாதிரி தலையாட்டிட்டேன். நீச்சலும் அப்படித்தான் ஆச்சு. எம்மேலதான் தப்பு."

கண்ணைத் தாழ்த்தவில்லை.

மேகன் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தாள்.

"கேக்கலைன்னா கேக்கலைன்னு சொல்ல எல்சிக்குப் பழக்கினது நான்," என்றாள். "அதுக்கே ரெண்டு வருஷம் ஆச்சு. உன்னைப் பாத்து அவளும் புரியாமலே தலையாட்டப் பழகிடுவாளோன்னு பயந்துட்டேன்."

போனை எடுத்தாள். ஏஜென்சியின் எண்ணை அழுத்தினாள். மளமளவென்று பேசினாள். பழைய வேகம். அவள் அருகிலேயே நின்றும் பிடிபட்டது தன் பெயர் மட்டும். கோகிலவாணி. சுருக்காமல், முழுசாக.

பேச்சு முடியும் வரை காத்திருந்தாள்.

"அவங்ககிட்ட என்ன சொன்னீங்க?"

மேகன் சிரித்தாள். வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. காரிலிருந்து இறங்கி நின்று, மெதுவாகச் சொல்லத் தொடங்கினாள்.