வேதா நடக்கப் போகிற நேரம்

இட்லிக்குச் சட்னி வைக்கக் கை நீண்டபோதுதான் அருணகிரி பார்த்தார். மனைவியின் உள்ளங்கையில் கொப்புளம்.

நடக்கப் போகிறவளுக்குக் காலில் அல்லவா வர வேண்டும்?

சர்க்கரைக்கு டாக்டர் நடக்கச் சொன்னாரென்று வேதா விடியலில் கிரிவலப் பாதைக்குக் கிளம்பிப் போவது அவருக்குத் தெரியும். அவர் கண் விழிப்பதற்குள் திரும்பி வந்து சமையலறையில் நிற்பாள்.

அருணகிரி பஸ் செக்கிங் இன்ஸ்பெக்டர். டிக்கெட் எடுக்காதவனை முகத்தை வைத்தே பிடித்துவிடுவார் என்று டெப்போவில் பெயர்.

அன்றிலிருந்து அவளைக் கவனிக்க ஆரம்பித்தார். புடவைக் கரையில் மண் ஒட்டியிருந்தது. கிரிவலப் பாதை முழுக்கத் தார் ரோடு. இது எந்த மண்? பாத்திரம் தேய்க்கும்போது ஏதோ பாட்டு வேறு முணுமுணுத்தாள். இந்த வயதில் என்ன பாட்டு?

கண்டக்டர் அப்பாதுரை டீக்கடையில் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"வீட்டம்மாவ ஏரிப்பக்கம் பார்த்தேன் சார். கையில துணி சுத்தி நீளமா ஏதோ எடுத்துனு போனாங்க."

அவளிடம் கேட்க வேண்டிய கேள்விகளை அருணகிரி மனதுக்குள் அடுக்கிவைத்தார். அவள் அழுதால் என்ன சொல்வது என்பதையும்.

மறுநாள் அவள் கதவைச் சாத்தியதும் பின்னாலேயே போனார்.

வற்றிக் கிடந்த ஏரிக்குள் வேதா இறங்கினாள். அவர் கரைமேல் வேலமரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டார். அவன் வரட்டும், கையும் களவுமாகப் பிடிக்கலாம்.

யாரும் வரவில்லை.

வேதா துணியைப் பிரித்தாள். உள்ளே கோல்ஃப் மட்டை.

மாடியில் குடியிருந்த ஜெர்மன்காரர் ஊருக்குத் திரும்பும்போது விட்டுப்போனது. பழைய இரும்புக்குப் போடச் சொல்லி அதை அவளிடம் கொடுத்ததே அருணகிரிதான். கேபிள் டிவியில் வெள்ளைக்காரர்கள் புல்வெளியில் ஆடுவதை அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். இவர் வந்ததும் சேனலை மாற்றிவிடுவார்.

வேதா முந்தானையை இழுத்துச் செருகினாள். பந்தை ஒரு மண்கட்டிமேல் வைத்தாள். முதல் வீச்சு புழுதியை மட்டும் கிளப்பியது. காலைச் சற்றே நகர்த்தி நின்று, மறுபடி வீசினாள்.

பந்து எழும்பியது. பாதி ஏரியைத் தாண்டி, நேராகப் போய் விழுந்தது.

அருணகிரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தனை நாள் நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கிவிட்டது. மறைந்து நிற்க வேண்டாமென்று கரையிலிருந்து இறங்கிப் போனார்.

அவள் திடுக்கிடவில்லை. பந்து விழுந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதெல்லாம் எப்பத்துலேர்ந்து?" என்றார்.

"ஆச்சுங்க. இந்த ஏரி ரெண்டு தடவ ரொம்பி வத்திடுச்சு. இப்பத்தான் நேராப் போவுது."

அவர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லச் சிரிப்பு நின்றது.

தண்ணீர் நின்ற மாதங்களில் இவள் மட்டையை எடுத்துக்கொண்டு எங்கே போயிருப்பாள்? அந்த நாட்களில் அவள் கிளம்பியதையும் திரும்பி வந்ததையும் அவர் நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார். ஒரு நாளாவது அவள் முகத்தை.

எழுந்ததும் கைக்கு வந்த காபி மட்டும்தான் நினைவுக்கு வந்தது.