ஆன்மேரி நடக்கிறாள்

"போறா பாரு மகாராணி," என்றாள் மதலேனம்மாள், ஜன்னல் வழியாகப் பார்த்தபடி.

ரோட்டில் அவள் தங்கை ஆன்மேரி வேகவேகமாக நடந்துகொண்டிருந்தாள். புது ஷூ, தலையில் மப்ளர். அக்கா வீட்டுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சூரியநெல்லி தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான ஒரே லயத்தின் இரண்டு கோடியிலும் அக்காவும் தங்கையும் குடியிருந்தார்கள். தம்பி கல்யாணத்தில் வந்த வாய்ச்சண்டையோடு பேச்சு நின்றுபோயிருந்தது.

மதலேனம்மாளுக்கு இப்போது கல்லீரல் கெட்டுவிட்டது. கண்ணெல்லாம் மஞ்சள், வயிறு வீக்கம். வேறு கல்லீரல் வைத்தால்தான் பிழைக்கலாம் என்று எறணாகுளத்து டாக்டர் சொல்லிவிட்டார். மகள் ஜெஸ்னா தர முன்வந்தாள். ரத்த குரூப் சேரவில்லை.

"கூடப் பிறந்தவ சாகக் கெடக்கேன். இவளுக்கு நாப்பத்தெட்டு வயசுல உடம்பைக் குறைச்சு அழகு பாக்கணுமாம்."

"விடும்மா. சித்தி பாட்டுக்கு நடக்காங்க."

"நீ ஏன்டி அவளுக்குப் பரிஞ்சு பேசுத?"

ஜெஸ்னா கஞ்சியை ஆற்றினாள்.

லயமும் அப்படித்தான் பேசியது. ஆன்மேரிக்குத் தையல் தொழில். மெஷின் முன்னால் உட்கார்ந்தே பெருத்த உடம்பு. இப்போது டீயில் சீனி கிடையாது. மாதா கோயில் திருவிழாவில் பிரியாணியைத் தொடவில்லை. ரோட்டில் காட்டு யானை இறங்கியிருக்கிறது என்று வாட்ஸப்பில் தகவல் வந்தால், அன்றைக்கு மட்டும் வாசலிலேயே மேலும் கீழும் நடந்தாள்.

"அக்காவைப் பெட்டியில வைக்கப் போற நேரத்துல தங்கச்சிக்கு டயட்டு கேக்குது," என்று ஜாக்கெட் தைக்க வந்தவர்களே சிரித்தார்கள். ஆன்மேரி தலை நிமிராமல் மெஷினை மிதித்தாள்.

மூன்று மாதம் போயிருக்கும். மதலேனம்மாள் எழுந்து உட்காரவே ஆள் வேண்டியிருந்தது. ஒரு திங்கட்கிழமை ஜெஸ்னா போனை வைத்துவிட்டு ஓடிவந்தாள்.

"அம்மா, கிளம்பு. கல்லீரல் தர ஆள் கிடைச்சாச்சு."

"யாருடி?"

"டாக்டர் சொல்லுவாங்க, வா."

எறணாகுளத்தில் டாக்டரம்மா சிரித்த முகமாக இருந்தார்.

"உங்களுக்கு யோகம்மா. கல்லீரல் தரப்போறவங்க முதல்ல வந்தப்ப நான் வேண்டாம்னு திருப்பி அனுப்பிட்டேன். கல்லீரல் பூரா கொழுப்பு. கல்லீரலுக்குள்ள இருந்து வேலை பாக்க வேண்டிய என்சைம் ரத்தத்துல கசிஞ்சுகிட்டு இருந்தது. வயசுக்கு முன்னாடியே கிழடாகிட்டு வந்த கல்லீரல். அதுல பாதியை எடுத்தா ரெண்டு உயிருக்குமே ஆபத்து."

"பெறகு?"

"குறைச்சா எடுப்பீங்களான்னு கேட்டாங்க. கஷ்டம்னு சொன்னேன். விடல. இப்ப கொழுப்பு கரைஞ்சு, என்சைம் எல்லாம் நார்மல். முப்பது வயசுக்காரி கல்லீரல் மாதிரி இருக்கு. இந்த வாரமே ஆபரேஷன். இப்படி ஒருத்தர் ஜெயிச்சு நான் பார்த்ததில்ல."

மதலேனம்மாள் கைகூப்பினாள். "எந்தத் தாய் பெத்த பிள்ளையோ, நல்லா இருக்கணும்."

"உங்க தாய் பெத்த பிள்ளைதான்," என்று டாக்டரம்மா பக்கத்து அறைத் திரையை விலக்கினார்.

உள்ளே கட்டிலில், ரத்தம் எடுத்த கையைப் பஞ்சால் அழுத்தியபடி ஆன்மேரி உட்கார்ந்திருந்தாள்.

மதலேனம்மாள் எழுந்திருக்கப் பார்த்தாள். ஜெஸ்னா அவளைத் தாங்கிக் கட்டிலருகே கொண்டுபோனாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா, பாவி. ஏறெடுத்துக்கூடப் பாக்காமப் போனியே."

ஆன்மேரி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் முகத்தைப் பாத்தா சொல்லிருவேன்க்கா. சொல்லி ஆசை காட்டிட்டு, கடைசியில என் கல்லீரல் ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டா, நீ ரெண்டாந்தரம் சாகணும்லா?"