வடிவாம்பாளின் ஆசீர்வாதம்

தேர்த் திருவிழாவில் காதருகே வேட்டு வெடித்த நாளிலிருந்து கோயில் யானை வடிவாம்பாள் கவளத்தைத் தொடவில்லை. இலை அசைந்தாலும் உடம்பெல்லாம் நடுங்கியது.

"காட்டுக்குள்ள நாலு நாள் காலாற நடக்கட்டும், மனசு தேறிடும்" என்றார் வைத்தியர்.

காட்டாற்றங்கரையில் சங்கிலியை அவிழ்த்துவிட்டுப் பாகன் குளிக்க இறங்கினான். வடிவாம்பாள் தனியாக நடந்தாள். எங்கோ மூங்கில் படபடவென்று முறிந்தது. மறுபடியும் வேட்டோ என்று அவள் விறைத்து நின்றாள்.

புதரை விலக்கிக்கொண்டு ஒரு காட்டுக் கொம்பன் வந்தான். காதுகளை விரித்தான், தலையைக் குனிந்தான்.

தன் முன்னால் குனிகிறவர்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்பது ஒன்றுதான் அவளுக்குத் தெரியும். துதிக்கையைத் தூக்கி அவன் மத்தகத்தில் வைத்தாள்.

கொம்பன் திகைத்துவிட்டான். "என்ன பண்ணினே?"

"ஆசீர்வாதம். நீ குனிஞ்சியே."

"உன்னை முட்டத்தான் குனிஞ்சேன்."

"நான் உன்னை என்ன செஞ்சேன்?"

"உன் மேல மனுஷ வாடை அடிக்குது. எனக்குப் பயமா இருக்கு."

பிறகு கொம்பன் மீண்டும் தலையைக் குனிந்தான்.

இந்தத் தடவை எதற்கென்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்கவும் தைரியமில்லை. துதிக்கையைத் தூக்கினாள்.